யாவே முதல் சாவி வரை: ஒரு ஸ்பானியச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிய மொழியில் சாவிக்கு 'யாவே' என்று பெயர். எழுதும்போது இரண்டு 'எல்' எழுத்துகளில் தொடங்கும். நான் ஸ்பானியம் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் கற்ற சொற்களில் இதுவும் ஒன்று. கதவு, மேசை, சாவி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தபோது, இந்தச் சொல் நம் வீட்டு ஆணியில் தொங்கும் சாவிக்கு உடன்பிறப்பு என்று எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை. கூடப் படித்தவர்களும் பின்னால் படிக்க வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யாவே எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியின் 'கிளாவிஸ்' என்ற சொல்லிலிருந்து. அதற்கும் சாவி என்றுதான் பொருள். லத்தீனில் தமிழைப் போலவே பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும். 'சாவியை' என்று சொல்ல 'கிளாவெம்' என்பார்கள். ஸ்பானியச் சொற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வேற்றுமை உருவத்திலிருந்து வந்தவை. கடைசி 'ம்' தேய்ந்து போனது, 'கிளாவே' மிஞ்சியது, அது யாவே ஆனது.

கிளாவிஸுக்கும் பின்னால் ஒரு வேர் உண்டு. கொக்கி, முளை, ஆப்பு என்ற பொருள் கொண்ட பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் அது. பல்லும் பள்ளமும் வெட்டிய உலோகச் சாவி வருவதற்கு முன்பு, கதவை அடைக்கவும் திறக்கவும் பயன்பட்டது ஒரு முளையோ கொக்கியோதான். பெயரில் அந்தப் பழைய பொருள் ஒளிந்திருக்கிறது.

'கிளா' எப்படி 'யா' ஆகும்? நம்பவே முடியவில்லையே.

இந்தச் சொல்லில் மட்டும் நடந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஒரே மாற்றம் ஒரு கூட்டம் சொற்களில் ஒரே மாதிரி நடந்திருக்கிறது என்பதுதான் ஆதாரம்.

லத்தீனில் அழைத்தல் 'கிளாமாரே', ஸ்பானியத்தில் 'யமார்'. லத்தீனில் நிறைந்தது 'பிளேனுஸ்', ஸ்பானியத்தில் 'யேனோ'. சமதளம் 'பிளானுஸ்', அது 'யானோ' ஆனது. மழை 'புளூவியா', அது 'யூவியா'. சுடர் 'ஃபிளாம்மா', அது 'யாமா'. அழுதல் 'பிளோராரே', அது 'யொரார்'. சொல்லின் தொடக்கத்தில் க், ப், ஃப் இவற்றில் ஒன்றும் அதை ஒட்டி லகரமும் வந்தால், முதல் மெய் விழுந்துவிடுகிறது, லகரம் குழைந்துவிடுகிறது.

வாயில் என்ன நடந்தது என்பதை நீங்களே சொல்லிப் பார்க்கலாம். 'க்லா' என்று வேகமாகச் சொல்லுங்கள். லகரத்துக்கு நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்தோடு ஒட்டவிட்டால் 'க்ல்யா' என்று வரும். முன்னால் இருக்கும் ககரத்தைச் சோம்பலில் விட்டுவிட்டால் 'ல்யா'. பழைய ஸ்பானியர்கள் இந்த இடத்தில்தான் இருந்தார்கள். அந்த ஒலிக்காகத்தான் இரட்டை 'எல்' எழுதினார்கள். பெரு, பொலிவியாவின் மலைப்பகுதிகளிலும் பராகுவேயிலும் இன்றும் 'ல்யாவே' என்று சொல்பவர்கள் உண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில் அந்த லகரமும் கரைந்து வெறும் 'யா' ஆகிவிட்டது. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் இன்னும் ஒரு படி போய் 'ஷாவே' என்கிறார்கள். இந்த 'ஷாவே'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நமக்கு இது புதிதல்ல. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. பூ, ஹூவு. பகரம் வரும் இடத்தில் ஹகரம் வரிசையாக நிற்பதைப் பார்த்தவுடன் இரண்டும் ஒரே சொற்கள் என்று புரிந்துவிடுகிறது அல்லவா? பிளேனுஸும் யேனோவும் அப்படித்தான்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. 'தெளிவான' என்ற பொருளுள்ள லத்தீன் 'கிளாருஸ்', 'யாரோ' ஆகாமல் 'கிளாரோ' என்றே நின்றுவிட்டது. படித்தவர்கள் வாயிலும் ஏட்டிலும் லத்தீன் தொடர்ந்து புழங்கியதால், சில சொற்கள் இந்தத் தேய்மானத்துக்குத் தப்பிவிட்டன.

ஸ்பானியத்தில் 'கிளாவே' என்றும் ஒரு சொல் இருக்கிறதே, அது வேறா?

வேறு சொல், ஆனால் அதே தாய். யாவே என்பது மக்கள் வாயில் நூற்றாண்டுக்கணக்கில் உருண்டு வந்தது. கிளாவே என்பது பிற்காலத்தில் கற்றோர் லத்தீன் ஏட்டிலிருந்து நேராக எடுத்துக்கொண்டது. நம் இலக்கணத்தில் இதற்கு அருமையான பெயர்கள் உண்டு. வடமொழிச் சொல்லை அப்படியே எடுத்தால் தற்சமம், தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரித்து எடுத்தால் தற்பவம். ரிஷி, இருடி, விஷம், விடம். ஸ்பானியத்தில் கிளாவே தற்சமம், யாவே தற்பவம்.

பொருளையும் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டன. கையில் பிடிக்கும் சாவி யாவே. மனத்தால் பிடிக்க வேண்டிய 'சாவி' எல்லாம் கிளாவே: கடவுச்சொல், சங்கேத மொழியின் விடை, ஒரு பிரச்சினையின் சூட்சுமம், இசைத்தாளில் சுரங்களின் உயரத்தைக் காட்டும் தொடக்கக் குறி, கல் வளைவின் உச்சியில் வைக்கும் பூட்டுக்கல். கியூபாவின் இசையில் இரண்டு கட்டைகளைத் தட்டி ஒரு தாளம் வாசிப்பார்கள். மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு. அந்தக் கட்டைகளுக்கும் கிளாவே என்று பெயர், அந்தத் தாள வடிவத்துக்கும் கிளாவே என்று பெயர். மற்ற வாத்தியங்கள் எல்லாம் அந்த ஐந்து தட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

ஆங்கிலத்தின் 'கீ' இதற்கு உறவா?

இல்லை. 'கீ' பழைய ஆங்கிலச் சொல். அதன் மூலம் இன்றுவரை துலங்கவில்லை, கிளாவிஸோடு அதற்குத் தொடர்பும் இல்லை.

அப்படியானால் ஆங்கிலத்தில் கிளாவிஸின் உறவினர்கள் யார்?

நிறையப் பேர், ஆனால் சாவி என்ற பெயரில் அல்ல. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு வழியாகச் சில வந்தன, அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாகச் சிலவற்றை எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன்.

'கிளாவிக்கிள்' என்பது தோள்பட்டைக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே கழுத்தின் அடியில் கிடக்கும் எலும்பு. லத்தீனில் 'கிளாவிகுலா' என்றால் குட்டிச் சாவி. அந்த எலும்பு மெலிதாக, இரண்டு பக்கமும் வளைந்து கிடக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தன் அச்சிலேயே கொஞ்சம் சுழலவும் செய்யும், பூட்டுக்குள் திரும்பும் சாவியைப் போல. தமிழில் அதற்குக் காறை எலும்பு என்று பெயர். காறை என்பது கழுத்தை ஒட்டி அணியும் ஆபரணம். ஒரே எலும்பை ஒருவர் சாவியாகவும் இன்னொருவர் நகையாகவும் பார்த்திருக்கிறார்கள். அதன் கீழே ஓடும் பெரிய ரத்தக் குழாய்க்கு ஆங்கில மருத்துவத்தில் 'சப்கிளேவியன்' என்று பெயர், அதாவது 'சாவிக்கு அடியில் இருப்பது'.

இசை கற்றவர்களுக்கு 'கிளெஃப்' தெரிந்திருக்கும். மேலே சொன்ன இசைக்குறிதான், பிரெஞ்சு வழியாக வந்தது. விசைப்பலகைக்கு 'கிளாவியர்', பியானோவுக்கு முந்தைய ஒரு நரம்பு வாத்தியத்துக்கு 'கிளாவிகார்டு'. விசையும் ஒரு சாவிதான் என்ற எண்ணம் இவற்றில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பியானோக் கட்டைகளை 'கீ' என்பதும் அதே எண்ணம்தான், சொல் மட்டும் வேறு.

'என்கிளேவ்' என்றால் வேறொரு நாட்டின் அல்லது மாநிலத்தின் நடுவில் அகப்பட்டுக்கொண்ட நிலப்பகுதி. உள்ளே வைத்துப் பூட்டியது என்பது சொல்லின் பொருள். தென்னாப்பிரிக்கா நாலு பக்கமும் சூழ்ந்த லெசோத்தோ ஒரு முழு நாடே இப்படி இருப்பதற்கு உதாரணம். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே இப்படிப்பட்ட துண்டுகள் நூற்றுக்கு மேல் இருந்தன; இந்தியத் துண்டுகள் 111, வங்கதேசத் துண்டுகள் 51. 2015இல் இரண்டு நாடுகளும் அவற்றைப் பரிமாறிக்கொண்டன. மாநில அளவில் இதைக் கண்ணால் பார்க்க விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போனால் போதும். மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, வில்லியனூர் மறுபடியும் புதுச்சேரி.

'ஆட்டோகிளேவ்' மருத்துவமனைகளில் கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் கலம். கிரேக்க 'ஆட்டோ' என்றால் தானே, கூடவே லத்தீன் சாவி: தானே பூட்டிக்கொள்வது. உள்ளே நீராவி அழுத்தம் ஏற ஏற அதுவே மூடியை இறுக்கிவிடும் என்பதால் இந்தப் பெயர். பாஸ்டரோடு பணியாற்றிய சார்ல்ஸ் ஷாம்பர்லாந்து 1879இல் இன்றைய மருத்துவக் கலத்துக்கு முன்னோடியை உருவாக்கினார். நம் சமையலறையில் மூடியை உள்பக்கமாகப் போடும் குக்கர் இருந்தால், அதுவும் இதே முறையில்தான் பூட்டிக்கொள்கிறது. ஆவி அடங்காமல் திறக்கவே முடியாது.

போப்பைத் தேர்ந்தெடுக்கும் 'கான்கிளேவ்'?

அதுவும்தான், அதன் கதையைச் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. 'கான்' என்ற முன்னொட்டுக்கு 'உடன்' என்று பொருள். 'கான்கிளாவே' என்றால் லத்தீனில் சாவி போட்டுப் பூட்டக்கூடிய அறை.

1268இல் போப் நான்காம் கிளெமென்ட் இத்தாலியின் வித்தெர்போ நகரில் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க அங்கேயே கூடிய கர்தினால்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மாதங்கள் போயின, ஆண்டுகள் போயின. பொறுமை இழந்த ஊரார் அவர்களை மாளிகைக்குள் வைத்து அடைத்தார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கடைசியில் கூரையையே பிரித்தார்கள். 1271 செப்டம்பரில்தான் முடிவு வந்தது. தேர்வானவர் அந்தக் கூட்டத்திலேயே இல்லாத ஒருவர்; பத்தாம் கிரிகோரி என்ற பெயரில் போப் ஆனார்.

அவர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1274இல் லியோன் நகரில் கூடிய திருச்சங்கத்தில், இனி கர்தினால்களைப் பூட்டி வைத்தே தேர்தல் நடத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம். அதற்குப் பிறகு ஐந்து நாளும் கடந்தால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சை ரசமும் மட்டும். உணவு விதி காலப்போக்கில் தளர்ந்தது, பூட்டும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 2025 மே மாதம் 133 கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் அடைபட்டு, இரண்டாம் நாளே பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பரலோகத்தின் திறவுகோல்களை இயேசு பேதுருவுக்குத் தருவதாகச் சொல்லும் இடத்தில் லத்தீன் விவிலியம் பயன்படுத்தும் சொல் 'கிளாவேஸ்', கிளாவிஸின் பன்மை. வத்திக்கான் கொடியில் குறுக்காகக் கிடக்கும் தங்க, வெள்ளிச் சாவிகள் அவைதான்.

குளோஸ், இன்குளூட் போன்ற சொற்களும் இந்தக் குடும்பமா?

ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். லத்தீனில் மூடுதல் 'கிளாவ்தெரே', அதுவும் அதே முளை-கொக்கி வேரிலிருந்து வந்தது. குளோஸ், கிளாசெட், கிளாஸ்ட்ரோஃபோபியா, ரெக்லூஸ், இன்குளூட், எக்ஸ்குளூட், கன்குளூட் எல்லாம் அதன் பிள்ளைகள். ஜெர்மன் மொழியில் சாவிக்கு 'ஷ்லூசல்' என்பார்கள். அதுவும் தூரத்து உறவு.

ஸ்பானியத்தில் இந்தக் கிளையில் எனக்குப் பிடித்தது 'யோசா'. மூடியது என்ற பொருளுள்ள லத்தீன் 'கிளாவ்சா'விலிருந்து வந்தது. வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ், கந்தாப்ரியா பகுதிகளில் வேலியிட்ட விளைநிலத்தை இப்படிச் சொல்வார்கள். கிளாவிஸ் யாவே ஆன அதே விதிதான் இங்கும் வேலை செய்திருக்கிறது. 2010இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்காஸ் யோசாவின் பெயரில் இருப்பதும் இந்த யோசாதான்.

ஆணி, கிராம்பு இவற்றுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. லத்தீனில் ஆணி 'கிளாவுஸ்', கிளாவிஸின் கூடப்பிறந்தது. ஸ்பானியத்தில் 'கிளாவோ' என்றால் ஆணி, கிராம்புக்கும் அதே பெயர். ஆங்கிலத்தின் 'குளோவ்' பிரெஞ்சின் ஆணியிலிருந்து வந்தது. ஒரு கிராம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், கொண்டையும் தண்டுமாக அச்சு அசல் ஆணிதான்.

பார்த்தால் உறவு போலத் தெரிந்து, உண்மையில் இல்லாதவை?

ஆங்கிலத்தின் 'குளூ', அதாவது துப்பு, உறவில்லை. அது நூலுருண்டைக்கான பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. புதிர்ப்பாதையில் வழி தவறாமல் இருக்க நூல் பிடித்துப் போன கிரேக்கக் கதையால் இன்றைய பொருள் கிடைத்தது. ஃபிளோரிடாவின் 'கீ வெஸ்ட்' தீவுக்கும் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பானியர்கள் அதை 'காயோ ஊவெசோ', எலும்புத் திட்டு என்றார்கள், ஆங்கிலேயர் காதில் அது அப்படி விழுந்தது. ஆண்டிஸ் மலையின் லாமா விலங்கும் சுடர் என்ற பொருளுள்ள 'யாமா'வும் ஸ்பானியத்தில் ஒரே எழுத்துகள்தான், ஆனால் விலங்கின் பெயர் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒத்திருப்பது மட்டும் போதாது, மாறிய வழியும் தெரிய வேண்டும்.

யாவே என்பதற்கு ஸ்பானியத்தில் வேறு பொருள்கள் உண்டா?

உண்டு, பயணம் போகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மெக்சிகோ, கொலம்பியா போன்ற நாடுகளில் தண்ணீர்க் குழாயும் யாவேதான். 'யாவேயை மூடு' என்றால் குழாயை மூடச் சொல்கிறார்கள். பட்டறையில் ஸ்பேனர். அளவை மாற்றிக்கொள்ளும் ஸ்பேனருக்கு 'யாவே இங்கிலேசா', ஆங்கிலச் சாவி என்று பெயர். கணக்கில் போடும் நெளிந்த அடைப்புக்குறியும் யாவே. மல்யுத்தத்தில் எதிராளியைப் பூட்டிப் பிடிக்கும் பிடியும் யாவே.

சரி, நம் 'சாவி' எப்படி இங்கே வந்தது?

போர்த்துகீசியர் வழியாக. ஸ்பானியத்தில் யகரம் ஆன அதே இடங்களில் போர்த்துகீசியத்தில் சகரம் வந்தது. அழைத்தல் 'ஷமார்', மழை 'ஷூவா', சுடர் 'ஷாமா', சாவி 'ஷாவே'. இன்று பொதுவாக ஷகரமாக ஒலித்தாலும், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் 'பச்சை' என்பதில் வரும் சகரத்தைப் போல 'ச்சாவே' என்றுதான் சொன்னார்கள். வடக்கு போர்ச்சுகலில் இன்றும் அந்த ஒலி உண்டு. இந்தியாவில் அதற்குச் சாட்சி இருக்கிறது: இந்தியில் 'சாபி', மராத்தியிலும் குஜராத்தியிலும் 'சாவி', எல்லாமே அந்த வல்லின சகரத்தோடு. சொல் இங்கே வந்து இறங்கிய பிறகு போர்ச்சுகலில் உச்சரிப்பு மாறிவிட்டது. நம்மிடம் இருப்பது பழைய ஒலி.

அப்புறம், புவெனஸ் அயர்ஸின் 'ஷாவே' நினைவிருக்கிறதா? பிரேசில்காரர் 'ஷாவி' என்கிறார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலவே கேட்கும். ஒன்று 'ல்ய' வழியாகவும் மற்றது 'ச்ச' வழியாகவும் தனித்தனிப் பாதையில் நடந்து, பக்கத்துப் பக்கத்து நாடுகளில் மீண்டும் சந்தித்திருக்கின்றன.

சாவி தமிழ்ச் சொல் இல்லையா?

தமிழில் 'சாவி' என்று இன்னொரு சொல் உண்டு, அது நம்முடையதுதான். மணி பிடிக்காமல் காய்ந்துபோன பயிரைச் சாவி என்பார்கள். 'நெல்லெல்லாம் சாவியாப் போச்சு' என்று உழவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது 'சா' என்ற வினையிலிருந்து வந்தது. பூட்டைத் திறக்கும் சாவி வேறு.

பழைய தமிழில் கதவை அடைப்பது தாழ். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று கேட்கிறது குறள். தாழைத் திறக்கும் கோல் தாழ்க்கோல். மலையாளிகள் இன்றும் சாவியைத் 'தாக்கோல்' என்கிறார்கள். திறவுகோலும் நம்மிடம் இருக்கிறது, தமிழ் விவிலியத்தில் பேதுரு பெறுவது அதைத்தான். இத்தனை இருந்தும் தமிழ்நாட்டில் அன்றாடப் பேச்சை எடுத்துக்கொண்டது சாவி. அதில் வருந்த எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜன்னல், அலமாரி, மேசை, பேனா எல்லாம் அதே கப்பல்களில் வந்து, நம் வீட்டுச் சொற்கள் ஆகிவிட்டன.

இலங்கைத் தமிழர்கள் சாவி என்று சொல்வதில்லையே?

ஆமாம், அவர்கள் 'திறப்பு' என்கிறார்கள். 'வீட்டுத் திறப்பைக் காணேல்லை' என்று யாழ்ப்பாணத்தவர் சொல்வார். போர்த்துகீசியர் ஆண்ட மண் அது, ஆனாலும் சாவிக்கு அங்கே தமிழ்ச் சொல் நிலைத்துவிட்டது. நாற்காலி விஷயத்தில் நேர்மாறு. தமிழ்நாட்டில் நாற்காலி என்கிறோம், அவர்கள் 'கதிரை' என்கிறார்கள். அது போர்த்துகீசிய 'கதெய்ரா', அதற்கு மூலம் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த 'கதெத்ரா'. ஆங்கிலத்தின் 'சேர்' அதிலிருந்து வந்தது, ஆயரின் இருக்கை உள்ள தேவாலயத்துக்கான 'கதீட்ரல்' அதிலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் அதே சொல் 'கதேரா' என்று மாறி, உட்காரும் பலகையை விட்டுவிட்டு உட்காருகிறவரின் இடுப்புக்குப் பெயராகிவிட்டது.